முதுகைக் காட்டி நின்ற பயிற்சியாளர்

காலை ஆறு மணிக்கு அந்தக் கல்லூரியின் கூடைப்பந்து அரங்குக்குள் முதன்முறையாக நுழைகிறவர்கள் திகைத்துப்போவார்கள். மரத்தரையில் பத்துப் பெண்கள் பந்தும் கையுமாகப் பறந்துகொண்டிருப்பார்கள். பயிற்சியாளர் அம்மாவோ அவர்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துக் கைகட்டி நின்றுகொண்டிருப்பார்.

"மேமுக்கு நம்ம மேல என்ன கோபம்?" என்று புது மாணவி ஒருத்தி கிசுகிசுப்பாள்.

சுவரைப் பார்த்தபடியே பதில் வரும். "கோபமெல்லாம் இல்ல. மூணாவதா ஓடுறவளே, உன் ஷூ லேஸ் அவுந்து தரையில அடிக்குது, கட்டு. இன்னொருத்தி சரியா தூங்கல, பந்து சோம்பலா விழுது. நான் பேரைச் சொல்லட்டுமா, நீயே கை தூக்குறியா?"

ஒருத்தி அசடு வழியக் கை தூக்குவாள். புது மாணவிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிடும்.

அதே கல்லூரியில் மின்பணியாளராக இருந்த அவருடைய கணவர் மாணவிகளிடம் புலம்புவார். "உங்களுக்காவது ரெண்டு மணி நேரம்தான்மா. எனக்கு நாள் முழுக்க! ஃபிரிட்ஜ் பக்கம் ரெண்டு அடி வச்சா போதும், மாடியிலேருந்து 'சுகர் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்'னு குரல் வந்துடும்."

சிரிப்புக்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அவரும் எல்லோரையும்போல முகம் பார்த்துத்தான் பயிற்சி கொடுத்தார். அப்போதைய அணித்தலைவி சிரித்த முகம் மாறாமல் ஒரு மாதம் ஓடினாள். ஒரு நாள் சிரித்துக்கொண்டே விழுந்தாள். காலெலும்பில் பழைய விரிசல்! அவள் பிறகு பந்தைத் தொடவே இல்லை. 'முகத்தை நம்பி ஒரு பிள்ளையைத் தொலைச்சுட்டேனே' என்று அழுத அந்தத் தாயுள்ளம், மறுநாளே சுவர்ப்பக்கம் திரும்பியது. முகம் நடிக்கும். கால் நடிக்காது.

இருபத்தாறு வருடங்கள் ஓடின. எத்தனையோ பெண்களை ஆளாக்கியவருக்கு ஒரு கோப்பைகூட வாய்க்கவில்லை. அந்த வருடம்தான் அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. வர வைத்தவள், எல்லோரும் 'நெட்டை' என்று கூப்பிட்ட மாணவி. தகப்பன் இல்லாத வீடு, தையல் மெஷின் மிதித்துப் படிக்க வைத்த அம்மா. வங்கி அணிக்கு ஆள் எடுக்கும் அதிகாரி இறுதிப் போட்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துப்போனால் நெட்டைக்கு நிரந்தர வேலை.

போட்டிக்கு முந்தின நாள் காலை. நெட்டை ஓடினாள், எகிறினாள், பந்தை வளையத்தில் போட்டாள். சுவரைப் பார்த்து நின்ற பயிற்சியாளர் மெல்லத் திரும்பினார். அரங்கமே உறைந்தது. பயிற்சி நடுவில் அவர் திரும்பி யாரும் பார்த்ததில்லை.

"நெட்டை, ஷூவைக் கழட்டு."

"எதுக்கு மேம்? நல்லாத்தானே ஓடுறேன்?"

"நாலு வருஷமா உன் இடது கால் 'தட்'டுனு விழும், வலது கால் லேசா விழும். இன்னிக்கு ரெண்டும் ஒரே மாதிரி விழுது. உலகத்துல யாருக்குடி ரெண்டு காலும் ஒரே மாதிரி விழும்? வலது ஷூவைக் கழட்டு."

நெட்டை கழற்றினாள். உள்ளே இருந்தது, துணி சுற்றி அழகாகத் தைத்த ஒரு ஸ்பாஞ்சு. இடது முட்டி வலியால் அந்தக் காலை வலதைவிட மெதுவாக ஊன்றினாள். அது மேமின் காதுக்குத் தப்பாது என்று தெரிந்து, நல்ல காலின் சத்தத்தையும் குறைக்கப் பார்த்திருக்கிறாள்!

"தையல் நல்லா இருக்கு. அம்மாவா?"

நெட்டை தரையில் உட்கார்ந்து கதறிவிட்டாள்.

அன்று மாலையே அவளுடைய அம்மா பயிற்சியாளரின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "ஒரே ஒரு நாள் விளையாட விடுங்கம்மா. வலியை அவ தாங்கிக்குவா. உங்க சொந்தப் பொண்ணா இருந்தா இப்படி உக்கார வைப்பீங்களா?"

"என் பொண்ணா இருந்தா இப்படிக் கேக்காம நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்மா."

"நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் போனாள் அந்தத் தாய்.

மறுநாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. கடைசி நிமிடத்தில் மூன்று புள்ளி பின்தங்கினார்கள். "நெட்டையை இறக்குங்க!" என்று கூட்டம் கூரை அதிரக் கத்தியது. இருபத்தாறு வருடக் கனவு கைக்கெட்டும் தூரத்தில்! பயிற்சியாளரின் நகங்கள் உள்ளங்கையில் பதிந்து ரத்தம் கசிந்தது. ஆனால் அவர் கை நெட்டையின் பக்கம் நீளவே இல்லை. மூன்று புள்ளியில் தோற்றார்கள்.

வங்கி அதிகாரி நேராக அவரிடம் வந்தார். "யாரைப் பார்க்க வந்தேனோ அவளை உக்கார வச்சுட்டீங்க. கோப்பையும் போச்சு. ஏம்மா?"

"தோத்த மேட்ச் அடுத்த வருஷம் திரும்ப வரும் சார். போன முட்டி வராது. எனக்கு ஒரு ஆறு மாசம் குடுங்க. அப்புறம் வந்து பாருங்க."

அதிகாரி அவரையே பார்த்தார். "இருபத்தாறு வருஷம் காத்திருந்தவங்க கேக்குறீங்க. ஆறு மாசம் எனக்குப் பெருசா?"

மறுநாள் ஸ்கேன் எடுத்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "முட்டி ஜவ்வு நூல் மாதிரி தொங்குது. நேத்து ஒரு தடவை எகிறியிருந்தாலும் அறுந்திருக்கும்."

ஆறு மாதமும் பயிற்சியாளர்தான் அவளைக் கைபிடித்து நடக்க வைத்தார், ஓட வைத்தார். சொன்ன சொல் மாறாமல் அதிகாரி வந்து பார்த்தார்.

ஒரு மத்தியானம் பயிற்சியாளரின் வீட்டில் போன் அடித்தது. அவர் எடுத்தால் பேச்சே இல்லை, வெறும் விம்மல். "யாரு? ராங் நம்பரா?" என்றார் கணவர்.

"நெட்டையோட அம்மா. வேலை கிடைச்சிருச்சு போல."

"அவங்க சொன்னாங்களா?"

"இன்னும் இல்ல." பயிற்சியாளர் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "அழுங்கம்மா, நல்லா அழுங்க. அவசரமே இல்ல. நான் போனை வைக்க மாட்டேன்."