சொக்கோட்டோப் பேச்சில் ஒரு வாழ்த்து

கொழும்பு கொட்டாஞ்சேனைத் தேநீர்க்கடையில் எனக்கு எதிரே, பால் சேர்க்காத பிளேன்டீயோடு ஒரு நைஜீரியக் கால்பந்து வீரர். தங்கையின் திருமணத்துக்குப் போனில் வாழ்த்தைப் பேசிப் பதிவதும் அழிப்பதுமாக இருக்கிறார். என்ன சிக்கல் என்று கேட்கிறேன்.

"எங்கள் ஹௌசா மொழி சொக்கோட்டோ ஊர்ப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் கானோ நகரத்துக்காரர்கள்; வானொலியில் வருவது அவர்கள் பேச்சு. நம் பேச்சைக் கேட்டால் சிரிப்பார்கள், அவர்களைப்போலவே பேசு என்கிறார் அண்ணன்" என்கிறார் ஆங்கிலத்தில்.

கடைக்கார மேரி அக்காவுக்கு அதைத் தமிழில் சொல்கிறேன்.

"சிரிச்சா சிரிக்கட்டும்! நான் யாழ்ப்பாணத்து ஆளைக் கட்டி, இந்தக் கொட்டாஞ்சேனைத் தமிழிலதான் மாமியோட இருபது வருசம் சண்டை பிடிச்சேன். சொல்லுங்க அவருக்கு."

சொல்கிறேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கடை முழுக்கக் கேட்கும்படி சொக்கோட்டோப் பேச்சிலேயே வாழ்த்துகிறார். அனுப்பிவிட்டு, அண்ணன் அழைக்குமுன் போனை அணைத்துக் கவிழ்த்து வைக்கிறார்.

"அக்கா, இன்னொரு பிளேன்டீ" என்கிறார், தனக்குத் தெரிந்த தமிழில்.