பேஸ்மென்றில் ஒரு கக்கூஸ்

முதல் நாளே வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். கொங்கிறீற் உடைக்கும் மெஷினை வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்றுக்கு இறக்கி வயரைச் செருகிக்கொண்டிருந்தேன். அவர் படிக்கட்டின் நடுவில், வயரில்லாத போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணை, போன் அடிச்சா நான் கையைக் காட்டுவன். உடன நிப்பாட்டிப் போடுங்கோ."

"அவசரமான கோலோ?"

"என்ர தங்கச்சி வன்னிக்குள்ள, சண்டை நடக்கிற இடத்தில. அம்மாவும் அவளோடதான். மாசி மாசத்துக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. அவளுக்குப் பாடமான நம்பர் இது ஒண்டுதான்."

நாங்கள் வந்து குடியேறிய குளிர் நாட்டில், வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் அவருடையது நடு வீடு. அவரும் மனைவியும், மூன்று பெண் பிள்ளைகள், மனைவியின் தம்பி, தம்பியின் மனைவி என்று ஏழு பேர். கக்கூஸ் மேல்மாடியில் ஒன்றே ஒன்று. காலையில் அந்தக் கதவடியில் நடக்கும் சண்டையைப் பொறுக்க முடியாமல்தான் பனிக்காலத்திலேயே என்னோடு பேசி வைத்திருந்தார். எனக்கு மே மாதம்தான் நேரம் கிடைத்தது. ஊரில் சண்டை அதன் கடைசிக்கு வந்திருந்த மாதம்.

வேலை கஷ்டமானதல்ல. தரையை உடைத்து, பெரிய கழிவுக்குழாயைத் தேடிப் பிடித்து, அடிக்குக் கால் அங்குலம் சரிவு வைத்துப் புதுக் குழாயைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூன்று நாளில் குழாய் வேலை முடியும் என்று சொல்லியிருந்தேன். ஆனால் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அஜக்ஸில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஏதும் தெரியுமா என்று கேட்டுக் கோல் எடுப்பார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து எடுப்பார்கள். கார்ப்பெற் கழுவித் தருகிறோம் என்று ஒரு பெண் எடுப்பாள். ஒவ்வொரு முறையும் கை உயரும், நான் நிறுத்துவேன். தூசுக்குள்ளே அவர் "ஹலோ, ஹலோ" என்பார். பிறகு தலையை ஆட்டுவார், நான் தொடங்குவேன். சண்டையை நிறுத்தச் சொல்லி டவுன்ரவுனில் நடக்கும் ஆர்ப்பாட்டத்துக்கு அவர் போகும் நாட்களில், மெஷின் சத்தத்தில் போன் கேட்காது, வேலைக்கு வர வேண்டாம் என்பார். மெஷின் சத்தத்துக்குள் எனக்கே போன் அடிப்பதுபோலக் கேட்கத் தொடங்கியது. வேறு வீடுகளில் வேலை செய்யும்போதும் இடையில் நிறுத்திக் காது கொடுத்தேன்.

நான்காவது நாள் தேத்தண்ணி கொண்டு வந்தவர் கேட்டார்.

"அண்ணை யாழ்ப்பாணத்தில எவடம்?"

"சோனகத் தெரு."

அவர் கோப்பையைக் கையில் வைத்தபடியே நின்றார். தொண்ணூறில் இயக்கப் போராளிகள் முஸ்லிம்களான எங்கள் ஆட்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் ஊரை விட்டு வெளியே போகச் சொன்ன கதை அந்த வயதுக்காரர் எவருக்கும் தெரியும்.

"அண்டைக்கு நான் அங்கதான் நிண்டனான், நானா" என்றார். அதுவரை அண்ணை; அந்த நிமிடத்திலிருந்து, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடும் நானா. "நீங்கள் எல்லாரும் பைகளோட போகேக்க நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கு இருந்தனாங்கள். யன்னலாலதான் பாத்தனான்."

பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. திட்டவும் வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மெஷினைப் போட்டேன்.

அன்று பின்னேரம், தொண்ணூறில் போய்த் தங்கிய புத்தளத்திலிருந்து என் தம்பி கோல் எடுத்தான். "சண்டை முடியப்போகுதாம். எங்கட வீட்டு உறுதிப் பத்திரம் உங்களிட்டத்தானே இருக்கு? இனிப் போய்ப் பாக்கலாம்" என்றான். குரலில் சந்தோஷம் தெரிந்தது. எனக்கும் உள்ளே ஏதோ எழும்பியது. உடனே அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். "பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டேன். அடுத்த இரண்டு நாள் அவர் வீட்டுக்குப் போகவில்லை. முதுகு வலி என்று பொய் சொன்னேன். ஆனால் அவர்களின் தரை பிளந்து கிடக்கிறது, உடைந்த கொங்கிறீற் பக்கெற்றுகளில் நிற்கிறது. பக்கவாட்டில் வழி இல்லாத நடு வீடு என்பதால், அதையெல்லாம் சமையல் நடக்கும் குசினிக்குள்ளால்தான் தூக்கிப் போக வேண்டும். விட்டுவிட்டு எங்கே போவது? திரும்பிப் போனேன்.

சண்டை முடிந்துவிட்டதாக அறிவித்து ஒரு கிழமை இருக்கும். குழாய் பொருத்தியாகிவிட்டது. மறுநாள் நகரசபை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்த பிறகுதான் மூடலாம். நான் குழாயில் தண்ணீரை நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் அன்றைக்கும் ஆர்ப்பாட்டத்துக்குப் புறப்பட்டார். மெஷின் சத்தம் இல்லாத நாள் என்பதால் போனை என் கையில் தந்தார்.

"வந்தா எடுங்கோ நானா. என்ன சொன்னாலும் அப்பிடியே சொல்லுங்கோ."

மெஷினைத் தொடவில்லை. தரையில் உடைத்த கிடங்கின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். மதியம் போன் அடித்தது.

"அண்ணா?"

"இல்லை மகள், அண்ணா வெளியில. நான் வேலைக்கு வந்த ஆள். சொல்லுங்கோ."

"இது ஆரோ ஒராளின்ர போன், கனக்கக் கதைக்கேலாது. நானும் பிள்ளையள் ரெண்டும் முகாமில இருக்கிறம் எண்டு சொல்லுங்கோ. இவரைக் காணேல்லை. அம்மா… அம்மா இல்லை எண்டு சொல்லுங்கோ. வழியிலயே. நான்தான் மண் போட்டனான்."

"சொல்லுறன் மகள்."

"அண்ணா வீட்டில என்ன வேலை?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "கீழ ஒரு கக்கூஸ் போடுறம்."

அவள் சிரித்தாளா, மூச்சு வாங்கினாளா என்று இன்றைக்கும் தெரியாது. "இஞ்ச விடியக் காலமை அதுக்குத்தான் வரிசை" என்றாள். லைன் அறுந்துவிட்டது.

அவர் வர மூன்று மணித்தியாலம் ஆனது. அந்த நேரம் முழுக்க பேஸ்மென்றுக்குள் நடந்தேன். உயிரோடு இருப்பவர்களை முதலில் சொல்வதா? அம்மாவை அவருடைய மனைவி வந்த பிறகு சொல்வதா? சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கதவு திறந்தது. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போய் இறங்கி வந்தார்.

"தங்கச்சி எடுத்தவ, தம்பி. அவவும் பிள்ளையள் ரெண்டும் முகாமில இருக்கினம்."

அவர் சுவரைப் பிடித்தார். முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு, "அம்மா?" என்றார்.

நான் ஒத்திகை பார்த்த ஒன்றும் வரவில்லை. கீழே பார்த்தேன். அதுவே போதுமாக இருந்தது. கிடங்குக்குள் காலை விட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அவள் சொன்னதை அவள் சொன்னமாதிரியே சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். மச்சானைக் காணவில்லை என்பதைச் சொன்னேன். மண் போட்டதைச் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை அந்த வரிசைக் கதையையும் சொன்னேன். அப்போதுதான் அழுதார். எனக்கு அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்போலவும் எழும்பி ஓட வேண்டும்போலவும் இருந்தது. உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை செத்தவீட்டுக்கு வந்த ஆட்களுக்கிடையில் புகுந்துதான் இன்ஸ்பெக்டர் இறங்கினார். குழாயில் தண்ணீர் குறையவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மேலே அஜக்ஸ், ஸ்ரௌவ்வில் என்று எங்கெல்லாமோ இருந்து வந்த சனம். ஒரே கக்கூஸுக்கு மாடிப்படியில் ஆட்கள் நின்றார்கள். அவருடைய மனைவி இறங்கி வந்து, "நானா, கீழ உள்ளதைக் கெதியாப் பாவிக்க எப்பிடியாவது ஏலுமோ?" என்று கேட்டார்.

அன்றே கல்லுப் போட்டுக் கொங்கிறீற் குழைத்து மூடினேன். ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் பின்னேரம் கொமட் பீங்கானை இறுக்கினேன். சுவர் இல்லை, கதவு இல்லை. மனைவி ஒரு பழைய சேலையைக் கயிற்றில் தொங்கவிட்டார். முதலில் போனவர் ஒரு கிழவர். வெளியே வந்து, "தண்ணி நல்லாப் போகுது" என்று எனக்குச் சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

ஜூன் மாதம் சுவரும் கதவும் போட்டுக் கொடுத்தேன். தங்கச்சி அடுத்த வருடம் முகாமை விட்டு வெளியே வந்து வவுனியாவில் இருந்தாள். கணவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இதையெல்லாம் அவர் ஒருநாள் மரக்கறிக்கடையில் என்னைக் கண்டபோது சொன்னார். நாங்கள் சிநேகிதர்கள் ஆகவில்லை. இரண்டு பேரும் வண்டிலைத் தள்ளிக்கொண்டு நின்றோம். ஊருக்குப் போனீர்களா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். அவர் தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெங்காயப் பக்கம் திரும்பினேன்.