பத்தாவது ஆள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு மாசி மாதம். ரொறன்ரோவில் பாத்தர்ஸ்ட் வீதியில் பழைய அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு யூதத் தாயும், ஐம்பது வயது மதிக்கத்தக்க மகனும். அந்த அம்மா லிஃப்டில் என்னைக் கண்டால் விடமாட்டார். சாப்பிட்டாயா, மனைவி சுகமா, இந்தக் குளிரில் ஏன் காதை மூடவில்லை என்று ஒரே விசாரணைதான். வெள்ளி பொழுதுபட்டால் மட்டும் லிஃப்ட் பக்கமே வரமாட்டார். ஓய்வுநாளில் பொத்தானை அமத்தக் கூடாதாம். முழங்கால் வலியோடு படியேறுவார்.

அவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து, துக்கம் விசாரிக்கப் போக வேண்டும். என் மனைவிதான் வழி சொன்னாள்.

"உவையள் எங்கட சமையல் சாப்பிடமாட்டினம். பாத்திரமே வேற. பேசாம தோடம்பழம் கொண்டுபோங்கோ."

பழப் பையோடு போனேன். கதவு திறந்தே கிடந்தது. முகம் பார்க்கும் கண்ணாடிகளை எல்லாம் துணியால் மூடியிருந்தார்கள். மகன் தரையோடு பதிந்த ஒரு கதிரையில் இருந்தார். வாசலில் ஒரு பெட்டி நிறையச் சின்னக் கறுப்புத் தொப்பிகள். எல்லோர் தலையிலும் ஒன்று இருந்ததால் மரியாதைக்கு நானும் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஒரு கிழவர் வந்து ஆட்களை எண்ணினார். ஒன்று, இரண்டு என்று இல்லை. ஏதோ சுலோகம் போல முணுமுணுத்து, சொல்லுக்கு ஒருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிச் சொல்லுக்கு என்னிடம் வந்து நின்று முகம் மலர்ந்தார். எங்கள் செத்தவீடுகளில் தேத்தண்ணிக்குத்தான் தலை எண்ணுவார்கள். எனக்குச் சீனி குறைவாகப் போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையில் ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தைத் திணித்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்பது எனக்கெப்படித் தெரியும்?

மகன் நிமிர்ந்து பார்த்தார். "அவர் இந்து. எங்கள் பக்கத்து வீடு" என்றார் மெதுவாக. கிழவரின் முகம் விழுந்துவிட்டது.

பிறகுதான் விளங்கியது. தாய்க்காக மகன் சொல்லும் பிரார்த்தனைக்குப் பத்து யூத ஆண்கள் வேண்டும். ஒருவர் குறைந்தாலும் சொல்ல முடியாது. வெளியே பனி கொட்டியதில் வரவேண்டியவர்களின் கார்கள் எங்கெங்கோ புதைந்து நின்றன. பின்னேரத் தொழுகைக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் வெளிச்சம் இருந்தது. ஒரு நேரமும் தவறவிட மாட்டேன் என்று அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன் என்றார் மகன். அங்கிருந்தவர்களோ வயதானவர்கள். ஒருவர் பனியில் சறுக்கினால் ஒன்பதும் எட்டாகிவிடும். "நான் பிடித்து வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வீதியில் நின்று, போகிறவர் வருகிறவரிடம் "நீங்கள் யூதரா?" என்று கேட்கத் தொடங்கினேன். தலையில் அந்தத் தொப்பி இருந்ததே நினைவில்லை. முதலாமவர், அப்பா யூதர், அம்மா இத்தாலியர் என்றார். மேலே ஓடிப்போய்க் கிழவரிடம் கேட்டேன். தாய் யூதராக இருக்க வேண்டுமாம். அடுத்த பொடியன், தாய் தகப்பன் இருவரும் யூதர்தான், ஆனால் தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்றான். திரும்பவும் ஓடினேன். "அதற்கென்ன, இங்கேயும் இரண்டு பேர் அப்படித்தான். கூட்டிவா" என்றார் கிழவர். நான் இறங்கி வருவதற்குள் அவன் பஸ் ஏறிவிட்டான். பிறகு ஒரு பெண்மணி. தான் முழு யூதர், ஏன் தன்னை எண்ணக் கூடாது என்று, அந்தச் சட்டத்தை நானே எழுதியது போல ஏசிவிட்டுப் போனார்.

கடைசியாக வந்தவர் எங்கள் கட்டடத்தின் கீழ்மாடிக்காரர். பெரிய நாய் ஒன்றோடு திரிவார், யாருக்கும் வணக்கம் சொல்லமாட்டார். கேட்டேன். அவர் எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கொழும்பில் சோதனைச் சாவடிகளில் என்னை "தமிழனா?" என்று கேட்கும்போதெல்லாம் நானும் அப்படித்தான் பார்ப்பேன். வெட்கமாகப் போய்விட்டது. ஒரு தாய் இறந்துவிட்டார், ஒரு ஆள் குறைகிறது, வேறொன்றும் இல்லை என்று அவசரமாகச் சொன்னேன்.

"இந்தக் கட்டடத்தில் யாருக்கும் நான் சொன்னதில்லை" என்றார். பிறகு, "எனக்குப் பிரார்த்தனை எல்லாம் மறந்துபோயிற்று" என்றார்.

"நின்றால் போதும்" என்றேன், பரம்பரைப் பூசகர் மாதிரி.

மேலே வந்ததும் வாசலில் என் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தேன். அவர் நாயின் கயிற்றை என் கையில் தந்தார். எனக்கு நாய் என்றால் குலைநடுக்கம். கொரிடோரில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். என் மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"தோடம்பழம் குடுத்திட்டு வாங்கோ எண்டு விட்டா, நாயோட நிக்கிறியள்."

உள்ளே மகனின் குரல் உடைந்து உடைந்து கேட்டது. இடையிடையே எல்லோரும் "ஆமென்" என்றார்கள். ஒரு குரல் மட்டும் முதலில் பிந்தி வந்தது. போகப்போக மற்றவர்களோடு சேர்ந்துகொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாய் என் காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

ஊரில் "நீ யார்?" என்று என்னைக் கேட்டவர்கள் எல்லோரும் வரிசையிலிருந்து விலக்கி நிறுத்துவதற்காகவே கேட்டார்கள், அதே கேள்வியை ஒருவரை உள்ளே கூப்பிடுவதற்காகவும் கேட்கலாம் என்று எனக்குத் தெரியவந்தது அந்தப் பனிநாளில்தான்.