குருவிக்காக அடைத்த சன்னல்

நீங்கள் குடியிருக்கும் அறையில், நண்பகலில், விளக்கைப் போடாமல் கையை முன்னே நீட்டினால் உங்கள் விரல்கள் உங்களுக்குத் தெரியுமா?

சிரிக்காதீர்கள். இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், சீசா என்கிற பகுதியில், அல்பேட்டின் வீட்டுக் கீழ் அறையில் இருக்கிற சோதிலிங்கத்துக்குத் தெரியாது. கதவுக்கு மேலே கம்பி போட்ட ஒரு சின்னத் துவாரம், அவ்வளவுதான் அவருக்குச் சன்னல். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தினாலே அறை இருட்டிவிடும்.

காலையில் ஒரு சிஞ்ஞோராவின், ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டில், படுக்கையில் கிடக்கும் அவள் புருசனைக் கழுவித் துடைத்துச் சாப்பாடு தீத்துகிறார். பின்னேரம் ஒரு கந்தோரின் படிகளைக் கழுவுகிறார். கொரோனாக் காலத்தில் மனைவி கிளிநொச்சியில் இறந்தபோது செத்தவீட்டைப் போனில் பார்த்தார். பார்த்து முடிய, போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அன்றிலிருந்து அவர் அழுததையும் யாரும் காணவில்லை, சிரித்ததையும் காணவில்லை. 'கல்லு மனுசன்' என்று நம்மவர்கள் பேர் வைத்துவிட்டார்கள்.

கல்லுக்கு ஒரு மகள் இருக்கிறாள். துசானி, சித்தி வீட்டில் இருந்து படிக்கிறாள். வரும் ஓகஸ்ட் கடைசியில் அவளுக்குப் பதினெட்டு வயது. அதற்கு முன் விண்ணப்பம் போனால் அவளைத் தகப்பனிடம் எடுக்கலாம். பிந்தினால் அவள் வளர்ந்த பெண், தகப்பனிடம் வர அந்த வழி இல்லை. விண்ணப்பத்துக்கு இரண்டு வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயர் இருக்கவேண்டும். அந்த வீடு மனிதர் வாழத் தக்கது என்று நகரசபை சான்று தரவேண்டும்.

கொந்திராத்தோ, அதாவது அந்த ஒப்பந்தம், எழுதித் தரும்படி அல்பேட்டை அவர் பலமுறை கேட்டிருக்கிறார். அல்பேட் மன்னார்க்காரர், பலசரக்குக் கடை வைத்திருக்கிறார், வாய் நிறையப் பேச்சு. "வரி கட்டவேணும் அண்ணை, பாப்பம்" என்பார். 'பாப்பம்' என்ற சொல்லில் எத்தனை குடும்பங்கள் பிரிந்து கிடக்கின்றன என்று யாராவது கணக்கெடுத்தால் நல்லது.

போன மார்கழியில் அல்பேட்டே கீழே இறங்கி வந்தார். கையில் போன், போனில் ஒரு வீடியோ.

"சோதி அண்ணை, நீங்கள் மலேசியாவிலை இருந்தனீங்களெல்லோ? உந்தக் குருவிவீட்டு வேலைதானே செய்தனீங்கள்?"

"ஓம்."

"எச்சிலாலை கூடு கட்டுமாம். சீனன் சூப் வைச்சுக் குடிக்கிறானாம். பொன் விலை அண்ணை! எங்கடை கூரைக்கு மேலையும் கோடைக்கு உதே குருவிதானே கத்திக்கொண்டு சுத்துது?"

சோதிலிங்கம் வீடியோவைப் பார்த்தார். அரிவாள் போல வளைந்த செட்டை, கறுப்பு உடம்பு. உழவாரக் குருவி. பலெர்மோப் பிள்ளைகள் ரொண்டோனே என்பார்கள்.

"அது மாதிரித்தான் கிடக்கு" என்றார்.

"அப்ப மேல் அறையை எனக்குக் குருவிவீடாக்கித் தாங்கோ. கீழறைக்குக் கொந்திராத்தோ எழுதித் தாறன். மாதா சத்தியமா."

மொட்டைமாடியில் இருந்த அந்த அறை ஒரு காலத்தில் உடுப்புத் தோய்க்கிற இடம். தண்ணீர்க் குழாய் உண்டு, கழிவறை உண்டு, மேற்கே மலையைப் பார்த்த அகலமான சன்னலும் உண்டு. அல்பேட் அதில் வெங்காய மூட்டையும் பழைய சைக்கிளும் வைத்திருந்தார்.

போருக்குப் பிறகு வெளிநாடு போகும் படகுக்காக மலேசியாவில் காத்துக் கிடந்த காலத்தில், காவல்துறைக்குத் தப்பி, பேராக்கில் ஒரு குருவிவீட்டுக்குள்ளேயே சோதிலிங்கம் படுத்து எழும்பியிருக்கிறார். முதலாளி வெளியே பூட்டிவிட்டுப் போவார். அந்த வேலை அவருக்குக் கை மறக்கவில்லை. சன்னலைத் தூஃபோ என்கிற இந்த ஊர் மென்கல்லால் அடைத்தார். கூரைக்குக் கீழே, குருவி நுழையும் அளவுக்கு ஒரு வாசல் மட்டும் விட்டார். வாசலுக்கு உள்ளே ஒரு குறுக்குச் சுவர் எழுப்பினார். வாசலால் வருகிற வெளிச்சம் அந்தச் சுவரில் முட்டி அங்கேயே சாகவேண்டும், அடுத்த பக்கம் போகக்கூடாது. உள்சுவர்களுக்குக் கறுப்பு மை பூசினார். கூடு ஒட்டுவதற்கு மேலே பலகைகள் அடித்தார். அவற்றில் ஒன்று சன்னல் இருந்த இடத்துக்கு நேர் மேலே வந்தது. வாசலில் ஒரு ஒலிபெருக்கி, அதில் குருவிக் குரல். ஆள் போய்ப் பார்ப்பதற்கு மட்டும், குருவிகள் வெருளாத மங்கல் சிவப்பில் ஒரு சின்ன பல்ப்.

வேலை முடிந்ததும் நண்பகலில் உள்ளே நின்று, பல்பை அணைத்து, கையை நீட்டிப் பார்த்தார். விரல் தெரியவில்லை. குருவிவீட்டுக்கு அதுதான் சோதனை.

அல்பேட் மொந்தே பெல்லெக்ரீனோ மலைக்கு ஏறி, நகரத்தைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார். ஒரு பாதுகாப்புக்குப் பிள்ளையாருக்கும் தேங்காய் உடைக்கச் சொன்னார். இரண்டு மதத்துக்கும் லஞ்சம் கொடுத்த அந்த மனிதர் ஒரு பறவைப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கொந்திராத்தோ வந்தது.

மாசியில் நகரசபைச் சான்றுக்காக வீட்டை அளக்க ஒரு தொழில்நுட்பர் வந்தார். கீழறையின் தரையை அளந்தார், துவாரத்தை அளந்தார், தலையை ஆட்டினார். தரையின் பரப்புக்கு ஏற்ற சன்னல் வேண்டும், இது மனிதருக்கு ஆகாது என்றார். நல்ல சட்டம். மனிதன் வெளிச்சத்தில் வாழவேண்டும் என்று ஒரு நாடு எழுதி வைத்திருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். வெளிச்சமுள்ள அறையை யார் தருவார் என்று அதே சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. அதைத்தான் கேட்கிறேன்.

போகிற போக்கில் அவர் மாடிக்கும் ஏறினார். புதிதாகக் கல் வைத்து அடைத்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இந்தச் சன்னல் திறந்திருந்தால் இந்த அறை இரண்டு பேருக்குத் தாராளம். யார் அடைத்தது?"

"நான்."

"ஏன்?"

"குருவிக்கு."

அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். சோதிலிங்கம் சிரிக்கவில்லை. படியிறங்கி அவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, பின்னேர வேலைக்குப் போனார்.

அன்றிரவே அல்பேட்டிடம் மேல் அறையைக் கேட்டார். "குருவி வரட்டும் அண்ணை, இவ்வளவு செய்துபோட்டு!" என்றார் அல்பேட். மகள் போன் எடுத்து, "அறையைக் காட்டுங்கோ அப்பா" என்று கேட்கும்போதெல்லாம் சோதிலிங்கம் வாசலில் நின்று தெருவைக் காட்டினார்.

"சன்னல் எந்தப் பக்கம் அப்பா?"

"மேலை."

சித்திரையில் குருவிகள் வந்தன. ஒலிபெருக்கி கத்த, அவையும் கத்திக்கொண்டு சுற்றின. வைகாசியில் ஒரு சோடி உள்ளே போனது. ஆனியில் அல்பேட் சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு ஏறினார், பின்னால் சோதிலிங்கம். கூடு இருந்தது. இறகு, வைக்கோல், பஸ் ரிக்கற்றின் துண்டு, நைலோன் நூல், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கக் கொஞ்சம் எச்சில்.

"என்ன அண்ணை உது? கோழி உரிச்ச இடம் மாதிரிக் கிடக்கு!"

"இது வேறை குருவி போலை."

"நீங்கள்தானே உதே குருவி எண்டனீங்கள்?"

"அதுகும் கறுப்பு. இதுகும் கறுப்பு."

அல்பேட் தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். "வெள்ளைக்காரன் எங்கள் எல்லாரையும் ஒண்டெண்டு நினைக்கிற மாதிரி நாங்கள் குருவியை நினைச்சிட்டம். சரி, உடையுங்கோ. சன்னலும் உங்களுக்கு, அறையும் உங்களுக்கு. கொந்திராத்தோவை மாத்துவம்."

அடுத்த ஞாயிறு சோதிலிங்கம் சுத்தியலோடு ஏறினார். ஏறியவர் இறங்கி வந்தார். சுத்தியலைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

சன்னலுக்கு மேலே அவர் அடித்த பலகையில்தான் கூடு இருந்தது. அதில் இரண்டு குஞ்சுகள்.

இதைக் கேள்விப்பட்டு நான் போனேன். கோபத்தோடுதான் போனேன்.

"சட்டத்துக்குப் பயமோ அண்ணை? குருவிக்கூட்டைக் கலைச்சா குற்றமெண்டோ?"

"அதில்லை."

"அப்ப? அங்கை பிள்ளைக்கு வயசு போகுது. இஞ்சை ரெண்டு குஞ்சு!"

அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார். "கல்லை எடுத்தா வெளிச்சம் வரும். வெளிச்சம் வந்தா தாய் வராது. பேராக்கிலை நாங்கள் லைற் அடிச்சுத்தான் குருவியைக் கலைச்சுக் கூட்டை எடுக்கிறனாங்கள். செத்த குஞ்சுகளைக் கூட்டி அள்ளுறது என்ரை வேலை." கோப்பையை என் பக்கம் தள்ளினார். "குடியுங்கோ. ஆறப்போகுது."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. விலைப்பட்டியல் வாசிப்பது போலச் சொன்னார்.

இரண்டு குஞ்சுகளுக்கும் ஒரு மகளுக்கும் நடுவில் ஒரு மனிதனை நிறுத்தியது எது? குருவிகள் அல்ல. விதியும் அல்ல, விதி என்று சொல்லித் தப்பவேண்டாம். இந்த நகரத்தில் பூட்டிக் கிடக்கும் அறைகள் நிறைய. நம்மவர்கள் வாங்கிப்போட்ட வீடுகளிலேயே சன்னலுள்ள அறைகளில் சோபாவும் உடைந்த குளிர்பெட்டியும் வசிக்கின்றன. சன்னலில்லாத அறைகளில் நம்முடைய ஆட்கள் பெயரில்லாமல் வசிக்கிறார்கள்.

இப்போது யூலை நடக்கிறது. குஞ்சுகளுக்குச் செட்டை முளைத்துவிட்டது. ஆனால் பறக்கிற நாளை யாரும் சொல்லமுடியாது. அவை பறந்த பிறகு சன்னலைத் திறந்து, கறுப்பு மையைச் சுரண்டி, மறுபடி அளக்க ஆளைக் கூப்பிட்டால் ஓகஸ்டில் விடுமுறைக்கு நகரசபைக் கந்தோர்கள் அரைவாசி பூட்டு. மலைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினாலும் கந்தோர்கள் திறக்கப்போவதில்லை.

ஆகவே இதைப் படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் வாடகைக்குக் கொடுக்கக்கூடிய அறை ஒன்று இருந்தால், இன்று மத்தியானம் அதற்குள் நின்று விளக்கை அணைத்துக் கையை நீட்டுங்கள். விரல்கள் தெரிந்தால் அல்பேட்டின் கடைக்கு வந்து சொல்லுங்கள். "பாப்பம்" என்று சொல்லவேண்டாம். சோதிலிங்கத்தின் பெயரைக் கொந்திராத்தோவில் எழுதிக் கொடுங்கள், இந்த வாரமே.