அங்சானா முண்டும் அண்ணியும்

தங்கா பத்து ஊரில் எங்கள் வீட்டுக்கு எதிரே நின்ற அங்சானா மரத்தை நேற்று வெட்டினார்கள். ரம்பத்தூள் வாசனை அடுப்படி வரைக்கும் வந்தது. எத்தனை வருஷமானாலும் அந்த வாசனை பட்டால் எனக்கு வயிறு எரியும். ஒரு மரக்கட்டையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் நான். சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமான புதிதில் புலாவ் செபாங்கில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் வேலை. ஒருநாள் சாயங்காலம் மோட்டார் சைக்கிளின் பின்னால் பூசணிக்காய் அளவில் எதையோ கட்டிக்கொண்டு வந்தார். சாய்ந்துபோன அங்சானா மரத்தின் அடியில் கட்டிபோல் வீங்கியிருந்த முண்டாம். பட்டறை முதலாளி தவுக்கே சும்மாவே கொடுத்துவிட்டாராம். எனக்கு அது யானையின் முழங்கால் மாதிரி இருந்தது. வெட்டுப்பட்ட பக்கத்தை அவர் ஈரத்துணியால் துடைத்தார். செம்பழுப்பில் சின்னச் சின்னச் சுழிகள், நூறு கண்கள் விழித்துப் பார்ப்பதுபோல. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

அது காய வேண்டும் என்று மாதக்கணக்கில் கட்டிலுக்கடியில் கிடந்தது. வேலை முடிந்து வந்ததும் வெளியே உருட்டி மடியில் வைத்துக்கொள்வார். ஒருநாள் கடிகாரம் என்பார், மறுநாள் சாமி மேடைக்குத் தட்டு என்பார். நான் நகைப்பெட்டி கேட்டேன். என்னிடம் இருந்தது ஒரு தாலிச்சங்கிலியும் ஒரு சோடித் தோடும். இரண்டும் எப்போதும் என் மேலேயே இருந்தன. ஆனாலும் கேட்டேன்.

"அதுவும் நல்லாத்தான் இருக்கும்," என்றவர், முண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா வரட்டும், கேட்டுப் பாப்போம்லா," என்றார்.

அக்கா. அப்பா அம்மா போன பிறகு ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிப் பாலெடுத்து அவரை ஆளாக்கியவர். எனக்கு அண்ணி. என் குழம்பில் புளி சரியா என்பதற்குக்கூட அண்ணியின் கைதான் அளவு. நல்ல பலாச்சுளை, தீபாவளிக்குச் சேலை, எல்லாவற்றிலும் முதல் பங்கு அங்கேதான் போகும்.

அண்ணி கோலா சுங்கை பாருவிலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். முண்டைத் தடவிப் பார்த்தார். "வெத்தலப் பெட்டி செய்யலாம்டா," என்றார். அன்று கருவாட்டை நான் கருக விட்டேன்.

பட்டறையில் அறுத்தபோது உள்ளே பாதி உளுத்துப்போயிருந்தது. முகம் தொங்க வீட்டுக்கு வந்தார்.

"ஒரு சின்னப் பெட்டிதான் தேறும். உனக்கா, அக்காவுக்கா? நீயே சொல்லு."

கேட்காமலே எனக்கென்று சொல்ல மாட்டாரா என்றிருந்தது. "அக்காவுக்கே செஞ்சு குடுங்க," என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"உனக்கு நல்ல மனசு," என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார் மனுஷன். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பெட்டியைக் கொடுக்க இருவரும் போனோம். அண்ணி திறந்து மோந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் முன்வாசலுக்குப் போன பிறகு என்னிடம் கேட்டார்.

"நீயா குடுக்கச் சொன்ன?"

"ஆமா அண்ணி."

"ஆசைப்பட்டிருப்ப. எனக்கும் தெரியுது. ஆனா வேணாம்னு சொல்ல மனசு வரல, செல்வி. நீ வந்ததுலேர்ந்து அவன் இங்க வர்றதே கொறஞ்சுபோச்சு. பேசினா செல்வி அது சொன்னா, இது சொன்னாங்கிறான். இதாச்சும் எங்கிட்ட இருக்கட்டும்."

இத்தனை நாளும் நான் யாரைப் பார்த்து வெந்தேனோ, அவர் என்னைப் பார்த்து வெந்திருக்கிறார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. நான் முறுக்கு சுட்டு அனுப்பினால், மறுவாரமே அங்கிருந்து அதிரசம் வரும்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. அண்ணி வெட்டிய பால்மரங்களெல்லாம் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் வீடுகள் வந்துவிட்டன. போன வருஷம் அண்ணியும் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்கப் போகிறவர், இப்போது எங்கும் கிளம்புவதில்லை. பசியாறிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"எங்கயாச்சும் போயிட்டுத்தான் வாங்களேன்," என்கிறேன்.

"எங்க போறது?" என்கிறார்.