இஞ்சினின் காதை அடைத்தோம்

அவர் கை கழுவுவதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. லேப்டாப்பைத் தொடுவதற்கு முன்னால், ஒவ்வொரு முறையும், எலுமிச்சை வாசமுள்ள சோப்பை நுரைக்க நுரைக்கக் குழைத்து நகக்கண் வரை தேய்ப்பார். முழங்கை வரை தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். பிறகு ஒரு வெள்ளைத் துண்டில் விரல் விரலாக ஒற்றி எடுப்பார். சுற்றிலும் ஆயிலும் கிரீஸும் படிந்த ஷெட்டில் அப்படியொரு சுத்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து எனக்கு மரியாதை வந்தது. இப்போது அந்த சோப்பு வாசம் எந்த வீட்டிலாவது அடித்தால் கை கழுவாமலே வெளியே வந்துவிடுகிறேன்.

சரவணம்பட்டியில் ஐடி கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டி உள்ளே போனால் ஒரு பெரிய தகர ஷெட். வாசலில் பலகை கிடையாது. ஆனாலும் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் வழி கேட்காமல் அங்கே வந்து சேரும். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு அங்கே மேப்பிங் வேலைக்குச் சேர்ந்தேன். ஷெட்டில் நான் ஒருத்திதான் பெண். ஷெட்டின் முதலாளியான அவரை எல்லோரும் அண்ணா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இங்கே ஓனர் என்று மட்டும் எழுதுகிறேன். அந்தச் சொல்லை மறுபடி பயன்படுத்த மனம் வரவில்லை.

மேப்பிங் என்றால் என்ன என்று என் அம்மா கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தக் கால கார் ஒவ்வொன்றிலும் இஞ்சினை நடத்த ஒரு சிறிய கம்ப்யூட்டர் உண்டு. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது, எந்தக் கணத்தில் தீப்பொறி போடுவது, டர்போ எவ்வளவு காற்றைத் திணிப்பது என்பதெல்லாம் அதற்குள் அட்டவணை அட்டவணையாக எண்களாக இருக்கும். அதுதான் மேப். கார் செய்த கம்பெனி அந்த எண்களைக் கொஞ்சம் பயத்தோடு எழுதியிருக்கும். மோசமான பெட்ரோல், கொளுத்தும் வெயில், கவனமில்லாத டிரைவர் எல்லாவற்றுக்கும் இடம் விட்டிருக்கும். நாங்கள் அந்த இடத்தை எடுத்து வலுவாக மாற்றிக் கொடுப்போம். ஒழுங்காகச் செய்தால் அது நல்ல வேலைதான். தேவையான பாகங்களை மாற்றி, பொறுமையாகச் சோதித்து, எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினால் இஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது.

ஓனருக்கு அது தெரியாமல் இல்லை. ஓடுகிற இஞ்சினைக் கேட்டே எந்த சிலிண்டரில் குறை என்று சொல்லிவிடுவார், பிரித்துப் பார்த்தால் அதுவே சரியாக இருக்கும். அரைகுறை ஆசாமி ஒருவர் தப்புச் செய்தால் தெரியாமல் செய்தார் என்று விட்டுவிடலாம். இவர் எல்லாம் தெரிந்தவர். அதனால்தான் என் அருவருப்பு இத்தனை வருடமாகியும் குறையவில்லை.

காரை உருளைகள் மேல் ஏற்றி, கட்டி வைத்து, ஓடவிட்டு வலுவை அளக்கும் இயந்திரம் ஒன்று எங்களிடம் இருந்தது. டைனோ என்பார்கள். அறையின் வெப்பத்தை அறிய அதற்கு ஒரு சிறிய ஒயர் உண்டு. காற்று சூடாக இருந்தால் இஞ்சின் வலு குறையும், அதைக் கணக்கில் எடுத்து டைனோ எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். வாடிக்கையாளர் முன்னால் கடைசி ஓட்டம் ஓட்டும்போது ஓனர் அந்த ஒயரை, ஏதோ தடுக்குகிறது என்பதுபோல, ரேடியேட்டரின் சூடான காற்று படும் இடத்துக்கு நகர்த்தி வைப்பார். திரையில் எண் ஏறும். கார்க்காரர் கைபேசியில் படம் பிடிப்பார். முதல் தடவை பார்த்தபோது நான் ஒயரைப் பழைய இடத்தில் வைத்தேன்.

"அங்கயே இருக்கட்டுமுங்க அம்மணி" என்றார் மெதுவாக. "அவுங்க சந்தோசமா ஊட்டுக்குப் போவட்டும். நமக்கென்னுங்க நட்டம்?"

அவர் யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. வெல்டிங் செய்பவரையும் கார் கழுவுபவரையும் வாங்க போங்க என்பார். அந்த ஊர்ப் பேச்சின் இனிமை முழுவதும் அவர் வாயில் இருந்தது. நான் வளர்ந்ததும் அதே பேச்சில்தான். அதனாலேயே வெகுநாள் எனக்கு உறைக்கவில்லை.

ஒயர் சின்ன விஷயம். பெரிய விஷயம் நாக் சென்சார். தீப்பொறியைச் சீக்கிரம் போட்டால் வலு கூடும். அளவு மீறிச் சீக்கிரமானால் பெட்ரோல் தன்போக்கில் வெடித்து பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல அடிக்கும். அந்தத் தட்டலைக் கேட்பதற்காகவே இஞ்சினில் ஒரு காது பொருத்தியிருப்பார்கள். தட்டல் கேட்டதும் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தள்ளிப்போடும், வலு குறையும், இஞ்சின் பிழைக்கும். நாங்கள் எழுதிய வேகத்துக்கு அந்தக் காது ஓயாமல் குறுக்கே வந்தது. அதற்கு ஓனர் கண்ட வழி, காதை அடைத்துவிடுவது. எந்தச் சத்தத்தையும் தட்டலாக எடுத்துக்கொள்ளாதபடி அந்த அட்டவணையில் எண்களை மாற்றச் சொல்வார். மாற்றியது நான். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் என் இனிஷியல் இருக்கும்.

டாக்டரம்மா எங்களிடம் வந்தது ஒரு மார்கழிக் காலையில். ஆர்.எஸ்.புரத்தில் பல் மருத்துவமனை வைத்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, வெட்டிய முடி, பருத்திப் புடவை. பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, ஊருக்குத் தெற்கே இருக்கும் பந்தயத் தடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிக்கொண்டிருந்தார். மற்றவர்களைப்போல பெரிய பவர் எண் கேட்டு வரவில்லை. கார் வளைவிலிருந்து வெளியே வரும்போது கொஞ்சம் தயங்குகிறது, அதைச் சரிசெய்ய முடியுமா என்றுதான் கேட்டார். நோட்டில் கேள்விகள் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

அந்தத் தயக்கத்தைச் சரிசெய்ய அரை நாள் வேலை போதும். ஓனர் அதோடு விடவில்லை. எங்கள் ஷெட்டிலேயே பெரிய எண் எடுத்த கார் என்று காட்ட அவருக்கு அது வாகாக அமைந்தது. டர்போ அழுத்தத்தை ஏற்றினோம், தீப்பொறியை முன்னே தள்ளினோம், காதை அடைத்தோம்.

காரை எடுக்க வந்தவர் நோட்டைத் திறந்தார். "இஞ்சின் தட்ட ஆரம்பிச்சா எனக்கு எப்படிங்க தெரியும்? ஹெல்மெட்டுக்குள்ள ஒண்ணும் கேக்காதே."

"நீங்க கேக்கவே வேண்டாமுங்க டாக்டரம்மா. வண்டியே கேட்டுப் பாத்துக்கும். வலுவக் கொறச்சு உங்களக் காப்பாத்திப்போடும்" என்றார் ஓனர்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி ஒரு கணம் பார்த்தார். நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பந்தயத் தடத்தில் வெயில் ஏறிய நேரம். நேர்ச்சாலையின் முடிவில் அவருடைய கார் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஓனரும் நானும் நின்றிருந்தோம். பின்னாலிருந்து நீலமாக ஒரு புகை கிளம்பியது, பிறகு இரும்பு உடையும் சத்தம். இஞ்சின் உடைந்து கொட்டிய ஆயிலில் அதன் பின்சக்கரங்களே வழுக்கி, கார் இரண்டு சுற்றுச் சுற்றி டயர்ச் சுவரில் மோதியது. ஸ்டீயரிங் திருகிய வேகத்தில் அவருடைய வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் அழவில்லை. தன் கையை இடது கையால் தாங்கிப் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் அவரை நோக்கி ஓடினார்கள். ஓனர் என் தோளருகே குனிந்தார். "ஏனுங்க அம்மணி, வண்டி நம்ம ஷெட்டுக்கு வந்ததும் கம்பெனி மேப்பத் திருப்பிப் போட்டுருங்க. யாராச்சும் பாக்க வந்தாங்கன்னா பழையபடி இருக்கட்டும்." அவருடைய குரல் அப்போதும் அதே குரல்தான். டீ சொல்லும்போது எப்படிப் பேசுவாரோ அப்படி.

அன்று மத்தியானமே போட்டேன். இறந்துபோன இஞ்சினோடு ஒரு கம்ப்யூட்டர் மட்டும் உயிரோடு இருந்தது. கேபிளைச் செருகியதும் திரையில் பச்சைக் கோடு மெல்ல நீண்டு முடிந்தது. நாங்கள் அதில் எதுவுமே எழுதாததுபோல ஆயிற்று. மறுநாள் இஞ்சினைப் பிரித்தோம். பிஸ்டன் ஓரம் எறும்பு அரித்த வெல்லம் மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. எத்தனை ஆயிரம் முறை அது தட்டியிருக்கும், கேட்க ஆளில்லாமல். ஓனர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், கீழே வைத்தார், போய்க் கை கழுவினார்.

டாக்டரம்மாவைச் சேர்த்திருந்த மருத்துவமனைக்கு ஓனர் என்னையும் கூட்டிப்போனார். ஆப்பிளும் மாதுளையும் ஒரு கூடையில். படுக்கைக்கு அருகே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "பெட்ரோல்ல கலப்படமுங்க டாக்டரம்மா. அந்த பங்க்குக்காரனச் சும்மா உடக் கூடாதுங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, அது நடிப்புமில்லை என்று நினைக்கிறேன். தான் சொல்வதை அந்த நேரத்துக்கு நம்பிவிடும் மனிதர். டாக்டரம்மா, கட்டுப் போட்ட கையோடு, எங்கள் இருவருக்கும் நன்றி சொன்னார். நான் படியிறங்கி வந்து மருத்துவமனை வாசல் வேப்பமரத்தடியில் வாந்தி எடுத்தேன். "வெயிலுங்க" என்று அதற்கும் அவரே காரணம் சொல்லி, தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

வேலையை உடனே விட்டேன் என்று எழுத ஆசைதான். நாலு மாதம் கழித்துத்தான் விட்டேன். அதன் பிறகு ஒருநாள் ஆர்.எஸ்.புரத்துக்குப் போய், நோயாளிகள் போகும்வரை காத்திருந்து, டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓனருக்குத் தெரியாமல் நான் எடுத்து வைத்திருந்த மேப்பின் நகலை ஒரு பென் டிரைவில் போட்டு மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. வலது மணிக்கட்டில் நீளமாகத் தையல் தழும்பு. பல் பிடுங்குவதற்கும் வேர் சிகிச்சைக்கும் இப்போது வேறு டாக்டர் ஒருவர் வருகிறார், தான் பார்த்துச் சொல்வதோடு சரி என்றார். பிடித்த கருவி சிறிது நேரத்தில் நடுங்குகிறதாம்.

"அன்னிக்கு அவர்கிட்டத்தான் கேட்டேன். ஆனா பாத்தது உங்க மொகத்தத்தான்" என்றார். "இந்தப் பொண்ணு பொய் சொல்லாதுன்னு தோணுச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று சொல்லாததற்காக அவர்மேல் இன்றும் எனக்கு மதிப்பு உண்டு.

வக்கீல் மூலம் ஓனருக்கு அவர் நோட்டீஸ் அனுப்பினார். வந்த பதிலை எனக்கும் காட்டினார். வருத்தமும் வணக்கமுமாகத் தொடங்கிய இரண்டு பக்கம். ஊழியர் ஒருவர் தம் கவனத்துக்குக் கொண்டுவராமல் அந்த மேப்பை எழுதிவிட்டதாகவும், அவர் இப்போது தம்மிடம் வேலையில் இல்லை என்றும் அதில் இருந்தது. ஆதாரமாகக் கோப்புகளின் பட்டியல். ஒவ்வொன்றிலும் என் இனிஷியல். வழக்கை மேலே கொண்டுபோனால் என்னைத்தான் இழுக்க வேண்டியிருக்கும் என்று வக்கீல் சொன்னாராம். டாக்டரம்மா அதோடு விட்டுவிட்டார். என்னைக் காப்பாற்றவா, அலுத்துப்போயா என்று தெரியாது. கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

இப்போது நான் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டார்களைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். வரும் எண்ணை எழுதுகிறேன், வராத எண்ணை எழுதுவதில்லை. ஓனர் முன்னைவிட நன்றாக இருக்கிறார். ஷெட் இருந்த இடத்தில் குளிரூட்டிய கூடம். கல்லூரிகளில் மாணவர்களுக்குப் பேசுகிறார். கைபேசியில் அவர் வீடியோ தானாக வந்து நிற்கும்போது விரலால் தள்ளிவிடுவேன்.

போன மாதம் கொடுமுடியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். எதிர் வரிசையிலிருந்து "ஏனுங்க அம்மணி, சவுக்கியமுங்களா?" என்ற குரல். நிமிர்ந்தேன். கொஞ்சம் நரைத்திருந்தார், மற்றபடி அதே ஆள். பக்கத்தில் முப்பது வயதிருக்கும் ஒருவர். வண்டியை ஓனரிடம் விட்டிருக்கிறாராம், அடுத்த வாரம் மேப்பிங்காம். ஓனர் அவரிடம் என்னைக் காட்டி, மிகுந்த பெருமையோடு, "அந்தக் காலத்துல நம்ம மேப் பூராம் இந்த அம்மணி கைவண்ணந்தானுங்க" என்றார்.

இத்தனை வருடம் டாக்டரம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லாததை அந்த அந்நியரிடம் அங்கேயே, உட்கார்ந்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னேன். நாக் சென்சாரை நாங்கள் அணைத்து வைத்ததை. ஒரு டாக்டரம்மாவின் கார் அதனால் உடைந்ததை. அவருடைய கை போனதை, அன்று மத்தியானமே நான் பழைய மேப்பைப் போட்டு அதை மறைத்ததை. உங்கள் வண்டியிலும் அதையே செய்வார், எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்றேன். ஓனர் மறுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பரிமாறுபவரிடம் எனக்கு இன்னொரு ஜிலேபி வைக்கச் சொன்னார்.

அந்த இளைஞர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். சோற்றைப் பிசைவதைக்கூட நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் முன்னால் சாய்ந்து, கண்ணில் ஒரு மினுக்கத்தோடு, என்னிடம் கேட்டார்:

"அப்ப அந்த வண்டி எவ்வளவு பவர் காட்டுச்சுங்க?"