எர்த் போட்டாச்சு

ஏனாத்தூர் போகிற சாலையில், ஒரு பழைய கிடங்கின் மாடியில் நான் வகுப்பு எடுக்கிறேன். படிப்பை முடித்துத் துணைமின் நிலையங்களில் வேலைக்குச் சேரப்போகிற இன்ஜினியர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி. பாடம் ஒன்றுதான். பழுது பார்க்கும்போது கம்பியை எப்படி எர்த் செய்வது.

மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. நிறுத்திய கம்பிக்கு வேறு வழியாக மின்சாரம் திரும்பி வரலாம். அப்படி வந்தால், கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிற மனிதனின் உடம்பு வழியாகப் போகாமல் நேரே மண்ணுக்குள் இறங்கிவிட ஒரு பாதை முன்பே போட்டிருக்க வேண்டும். பாதை என்பது ஒரு தடித்த செம்பு வயர். ஒரு முனையை மண்ணோடு சேர்ந்த இரும்புப் பட்டையில் கிளாம்ப் வைத்து முடுக்குகிறோம். மறுமுனையை நீளமான தடியால் தூக்கி, வேலை நடக்கப்போகிற கம்பியில் மாட்டுகிறோம். பிள்ளைகள் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிடுவார்கள். மீதி நாளெல்லாம் நான் அவர்களை அந்தப் பட்டையைச் சுரண்ட வைப்பேன்.

"மேடம், மூஞ்சி தெரியுது மேடம், போதுமா?" என்று சிரிப்பார்கள்.

"இன்னும் சொரண்டுப்பா" என்பேன்.

ஏன் என்று பல வருடங்கள் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அது நடந்தபோது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் கோயிலை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அப்பா சம்ஸ்கிருத வாத்தியார். அந்தத் தெருவிலிருந்து ஹெல்மெட்டும் கனத்த ஷூவுமாக வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் மின் பராமரிப்பை எடுத்துச் செய்கிற ஒரு சிறிய நிறுவனம். காலையில் வேன் பஸ் நிலையத்துக்கு வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும்.

எங்கள் குழுவின் ஃபிட்டர் முசரவாக்கத்துக்காரர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர். இவர் ஐ.டி.ஐ. படித்து இந்த வேலைக்கு வந்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்றாலும் மேடம் என்றுதான் கூப்பிடுவார். மேலே ஏறுவதற்கு முன் கழுத்துச் சங்கிலியைச் சிலுவையோடு கழற்றி டிபன் டப்பாவுக்குள் போட்டு மூடுவார். உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. சாப்பாட்டு வேளையில் சோற்றிலிருந்து சிலுவையை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொள்வார். அதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைக்கு விடுமுறை. அந்த வாரம் ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று துணைமின் நிலையம் முழுவதும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எர்த் பட்டைக்குப் பச்சை. இரண்டு மூன்று பூச்சு அடித்திருக்க வேண்டும். பாசி படிந்த குளத்துப் படி மாதிரி கனமாக மினுங்கியது.

வழக்கமாக எர்த் போடுவது அவர்தான். அன்றைக்கு அவர் ஏணியைக் கட்டிக்கொண்டிருந்தார். "குடுங்க, நான் போடறேன்" என்று நான் வாங்கிக்கொண்டேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. எனக்கும் கைவேலை வரும் என்று காட்டிக்கொள்ளும் ஆசை. மூன்று கம்பிகளுக்கும் மூன்று தனித்தனி வயர், மூன்று கிளாம்ப். மூன்றையும் அந்தப் பச்சைப் பட்டையின் மேலேயே வைத்து, கை வலிக்கும்வரை முடுக்கினேன்.

"எர்த் போட்டாச்சா மேடம்?"

"போட்டாச்சு. ஏறுங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்னது போதுமாக இருந்தது. ஏறி, கம்பியைத் தாங்கும் பீங்கான்களைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது தூரத்தில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. முதலில் ஒரு குலுக்கல், அப்புறம் ஒரே சீரான உறுமல். அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு உறைக்க இரண்டு விநாடி ஆகியிருக்கும். நான் வாயைத் திறந்தபோது மேலே எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் வேலை முடிந்துவிட்டது என்று ஜெனரேட்டர் ஆபரேட்டர் நினைத்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டி காலி என்று மோட்டாருக்காக ஓட்டியிருக்கிறார். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தையும் ஜெனரேட்டர் மின்சாரத்தையும் பிரித்து வைக்க வேண்டிய சுவிட்சில் ஒரு பழுது இருந்தது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியாகப் பின்பக்கமாக ஏறி, நாங்கள் நிறுத்தி வைத்திருந்த கம்பிக்கு வந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் போன பிறகு நான் கிளாம்புகளைக் கழற்றினேன். பட்டையில் மூன்று சிறு பள்ளங்கள். பள்ளத்துக்குள்ளும் பச்சை. பெயிண்ட் கிழியவே இல்லை. கிளாம்பின் திருகு முனைகள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. நான் போட்டது எர்த்தே இல்லை. பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்த மூன்று இரும்புத் துண்டுகள்.

விசாரணைக்கு வந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எர்த் போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். பொறுப்பு முழுவதும் ஜெனரேட்டரைப் போட்டவர் மேல் விழுந்தது. அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

டிபன் டப்பாவை நான்தான் முசரவாக்கம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தனை நாள் ஒன்றாக வேலை செய்தும் அன்றுதான் அவர் வீட்டு வாசலை முதல்முறையாகப் பார்த்தேன். அவர் மனைவி டப்பாவை வாங்கித் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். சோறு உள்ளேயே இருந்தது. நான் எதுவும் சொல்லாமல் திரும்பினேன். எங்கள் வீட்டு வாசலில் அம்மா, "சாவு வீட்டுக்குப் போய்ட்டு வர, குளிச்சுட்டு உள்ள வா" என்றாள். கிணற்றடியில் நின்று தலையில் தண்ணீரை ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன். போதும் என்று அம்மா வந்து வாளியைப் பிடுங்கினாள்.

அதற்கப்புறம் நான் கம்பி பக்கம் போகவில்லை. சொல்லித்தரும் வேலைக்கு வந்துவிட்டேன். அந்த விஷயம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. பச்சையாகப் பெயிண்ட் அடித்த எந்த இரும்பைப் பார்த்தாலும் கட்டைவிரல் நகம் தானாக அதைச் சுரண்டும். பஸ் கம்பி, பள்ளிக்கூடக் கேட், ஆஸ்பத்திரிக் கட்டில். கருட சேவை அன்று பெருமாள் எங்கள் தெருவுக்கு வரும்போது விளக்குகளுக்கான ஜெனரேட்டர் வண்டி பின்னாலேயே வரும். அது ஒருமுறை நின்று மறுபடி உறுமினால் போதும், கண்ணில் தண்ணீர் வரும். பக்கத்து வீட்டு மாமி, "என்ன பக்தி பாரு இவளுக்கு" என்பார். நான் மறுத்ததில்லை. சில நாள் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து "போட்டாச்சா மேடம்?" என்று அவர் கேட்பார். திரும்பினால் இருபது இளம் முகங்கள், எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

போன வருடம் ஒரு குழுவில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். பயிற்சிக்காக நான் பெயிண்ட் அடித்து வைத்திருக்கும் பட்டையில் மளமளவென்று கிளாம்பை முடுக்கிவிட்டு நிமிர்ந்தாள். முகமெல்லாம் பெருமை.

"எர்த் போட்டாச்சு மேடம். ஏறலாம்."

அன்றைக்கு எனக்கிருந்த அதே குரல், அதே அவசரம். நான் மீட்டரை எடுத்து ஒரு முனையைக் கிளாம்பிலும் மறுமுனையைப் பட்டையின் சுத்தமான இடத்திலும் வைத்தேன். முள் அசையவில்லை, இணைப்பே இல்லை. அவள் முகம் சுருங்கியது. "ஸாரி மேடம், மறந்துட்டேன். இது சும்மா பிராக்டிஸ்தானே" என்றாள்.

வகுப்பை அப்படியே நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினேன். முசரவாக்கம் போகிற பஸ் பிடித்தேன்.

பதினைந்து வருடத்துக்குப் பிறகும் அவர் மனைவிக்கு என்னை அடையாளம் தெரிந்தது. தலை நரைத்திருந்தது. "வாங்க மேடம், உள்ள வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெயிண்ட், கிளாம்ப், கழற்றியபோது பார்த்தது, விசாரணையில் சொன்னது. பாடம் எடுத்துப் பழகிய வாய் என்பதால் தடுமாறாமல் வந்தது. அதுவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவர் கேட்டார். "அந்த பெயிண்ட சொரண்டறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒண்ணுக்கு ஒரு நிமிஷம்க்கா. மூணுக்கும் சேர்த்து மூணு நிமிஷம்."

"மூணு நிமிஷம்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அழவில்லை. முந்தானையைக் கையில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"இத்த அந்த ஜெனரேட்டர் போட்ட அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?" என்றார். வாங்க போங்க போய்விட்டிருந்தது.

"இல்லக்கா."

"அவரு வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு வருவாரு. தோ, அந்த வாசல் நெலவாண்ட நின்னுக்கினு அழுதுட்டுப் போவாரு. தண்ணிகூட குடிக்க மாட்டாரு. நாந்தான் கொன்னுட்டேன் தங்கச்சின்னு சொல்லிக்கினே இருப்பாரு. நான் என்னா சொல்றது? ஆமான்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல." கொஞ்சம் நிறுத்தினார். "நீ ஒரு வருஷம்கூட வரல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்னாண்ட சொன்னது இருக்கட்டும். அவராண்ட போய்ச் சொல்லு. போ. இனிமே இங்க வராத. உன்னப் பாத்தா நீ டப்பா எடுத்துக்கினு வந்து நின்னதுதான் கண்ணு முன்னால வருது."

அவர் சொன்ன அடையாளத்தை வைத்து மறுநாள் பிள்ளையார்பாளையத்தில் ஜெனரேட்டர் ஆபரேட்டரின் வீட்டைக் கண்டுபிடித்தேன். தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருந்தார்கள். அதை ஒட்டியே நடந்து போனேன். வேலை போன பிறகு அவர் மாமனாரின் தறிக்கு வந்துவிட்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கை அப்படியே நின்றது. பயந்துவிட்டார் என்று புரிந்தது. இத்தனை வருடம் கழித்து யாரோ இன்னொரு விசாரணைக்கு வந்திருப்பதாக நினைத்திருக்க வேண்டும்.

தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்து சொன்னேன். முடித்ததும் அவர் மெல்லக் கேட்டார்.

"அப்போ நான் ஜெனரேட்டர் போட்டதால அவரு சாவலியா?"

பொய் சொல்லி அவரை முழுவதும் விடுவித்துவிட ஒரு கணம் மனது தவித்தது. ஒருமுறை பொய் சொன்னவள் நான். வேண்டாம் என்று தோன்றியது.

"நீங்க போடாம இருந்திருந்தா செத்திருக்க மாட்டார். ஆனா நான் ஒழுங்கா எர்த் போட்டிருந்தா, நீங்க போட்டிருந்தாலும் செத்திருக்க மாட்டார். அதுக்குத்தான் எர்த் போடறது. யாராவது தப்பு பண்ணிடுவாங்கன்னு தெரிஞ்சுதான் போடறது."

அவர் தறி நாடாவைக் கீழே வைத்தார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மே, அடுப்ப அணைச்சிட்டு இங்க வா. எங்கம்மாவையும் கூட்டியா." என்னிடம் திரும்பினார். "மேடம், நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நானே எனக்காகக் கதை கட்டி சொல்றேன்னுவாங்க. நீங்களே சொல்லுங்க. இப்ப என்கிட்ட சொன்ன மாதிரியே."

அவர் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து நின்றார். தாயார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த மூன்று பேர் முன்னால் நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முந்தின நாள் தடுமாறாத வாய் இந்த முறை தடுமாறியது. பாதியில் அந்தத் தாயார், "அய்யோ, எம்புள்ள தூங்கியே எத்தினி வருஷம் ஆவுது" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்தத் தொழிற்சாலைக்கும் என் பழைய நிறுவனத்துக்கும் அனுப்பினேன். ஒரு பிரதி அவருக்குக் கொடுத்தேன். தொழிற்சாலையிலிருந்து பதில் வரவில்லை. நிறுவனத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில், "எதுக்கு மேடம் இப்ப இதெல்லாம்?" என்றார்.

வகுப்பில் இப்போது முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கெட்டிக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னேன். சொல்வதால் பெரிதாக எதுவும் குறைந்துவிடவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது இன்னும் முதுகு கூசுகிறது.

டிசம்பர் கடைசியில் முசரவாக்கத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. ஃபிட்டரின் மனைவிதான். விசாரிப்பு எதுவும் இல்லை.

"அண்ணன் வந்தாரு. பொண்டாட்டிய கூட்டிக்கினு வந்தாரு. இந்த வாட்டி உக்காந்து சாப்ட்டாரு. ரெண்டு வாட்டி கொழம்பு கேட்டு வாங்கினாரு. உன்னாண்ட சொல்லணும்னு தோணிச்சு, சொல்லிட்டேன்."

"சரிக்கா" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார்.